வடியும் காதும் கேளாத காதும்: வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகளின் காது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தோம். ஹட்டன் பக்கமிருந்தும் பதுளைப் பக்கமிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துப் பதில் தருகிறோம். மருந்தின் அளவைப் பிள்ளையை நேரில் பார்த்த வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அந்த மருந்து வேலை செய்ய வீட்டில் என்ன செய்ய வேண்டும், எந்த இடத்தில் பிழைத்துப்போகிறது என்பதையே இங்கே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: மகளுக்கு ஆறு வயது. இரண்டு வருசமாக வலது காது விட்டுவிட்டு வடிகிறது. தடிமன் பிடித்தால் கூடும். வலி என்று சொல்வதில்லை. தோட்ட டிஸ்பென்சரியில் தந்த பாணியைக் குடிக்கும்வரை நிற்கும், பிறகு பழையபடிதான். "சின்னப் பிள்ளைக்குக் காது வடியத்தான் செய்யும், வளர வளர நின்று போகும்" என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா?
(ஓர் அம்மா, மஸ்கெலியா)

பதில்: விட வேண்டாம் அம்மா. வலி இல்லாததால்தான் இந்த நோய் எல்லாரையும் ஏமாற்றுகிறது. செவிப்பறைக்குப் பின்னால் சீழ் அடைபட்டு நிற்கும்போதுதான் காது குத்தி வலிக்கும். பறையில் ஓட்டை விழுந்து சீழுக்கு வெளியே வர வழி கிடைத்ததும் வலி போய்விடும், நோய் அங்கேயே இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் வடிந்தாலே அதை நாட்பட்ட சீழ்க்காது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கெடுக்கிறது. உங்கள் மகளுக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது.

பாணிக்கு அடங்காததற்குக் காரணம் உண்டு. நாட்பட்ட காதில் குடியிருப்பவை பெரும்பாலும் சூடோமோனாஸ், ஸ்டெஃபைலோகொக்கஸ் என்னும் கிருமிகள். சூடோமோனாஸ் அமொக்சிசிலினுக்கெல்லாம் அசையாது. காதில் நேரே விடும் சிப்ரோஃப்ளொக்சசின் போன்ற சொட்டு மருந்து, வாயால் குடிக்கும் மருந்தைவிடப் பல மடங்கு செறிவாக நோயுள்ள இடத்தில் போய் நிற்கும். ஆனால் காது நிறையச் சீழை வைத்துக்கொண்டு சொட்டு விட்டால், மருந்து சீழின் மேல் மிதந்து கழுத்து வழியே வழிந்துவிடும். ஆகவே முதலில் காதைக் காயவைக்க வேண்டும், அதன் பிறகே சொட்டு.

காயவைக்கும் முறை இது. துவைத்துத் துவைத்து மென்மையான பருத்தித் துணி, பழைய வேட்டித் துண்டு போதும். கொதிக்கவைத்து நன்றாகக் காயவையுங்கள். மிஸ்ட் இறங்கும் மாதங்களில் வெயிலை நம்பாமல் இஸ்திரிக்கை போட்டு எடுங்கள். இரண்டு அங்குல அகலம், நான்கு அங்குல நீளத் துண்டுகளாக வெட்டி, விளக்குத் திரி மாதிரி ஒரு முனை கூராக வரும்படி முறுக்குங்கள். கையைக் கழுவிக்கொண்டு, பிள்ளையின் காது மடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்தால் உள்வழி நேராகும். திரியை அது தானாகப் போகும் மட்டும் விட்டு, ஒரு நிமிடம் வைத்திருந்து எடுங்கள். நனைந்திருந்தால் வீசிவிட்டுப் புதிய திரி. திரி காய்ந்தபடி வெளியே வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். முதல் நாள் ஆறேழு திரி பிடிக்கும், பயப்பட வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று தரம் செய்ய வேண்டும். கொட்டன் பட்ஸ், தீக்குச்சியில் சுற்றிய பஞ்சு, தொட்டதும் பிய்யும் மெல்லிய டிஷு எல்லாம் வேண்டாம். குச்சி சீழை உள்ளே தள்ளும், டிஷு கிழிந்து உள்ளே தங்கும். திரியையோ பஞ்சையோ காதுக்குள் அடைத்து வைத்துவிட்டுப் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பவும் கூடாது.

அடுத்தது சொட்டு. மருந்துப் போத்தலை உள்ளங்கையில் இரண்டு மூன்று நிமிடம் பொத்திச் சூடாக்குங்கள். தை மாதக் குளிரில் மேசை மேல் கிடந்த மருந்தை அப்படியே விட்டால் பிள்ளைக்குத் தலை கிறுகிறுக்கும், அடுத்த முறை காதைக் காட்டவே மாட்டாள். வடியும் காது மேலே இருக்கும்படி சரித்துப் படுக்கவைத்து, வைத்தியர் சொன்ன எண்ணிக்கைச் சொட்டை விட்டு, காதுத் துவாரத்துக்கு முன்னால் இருக்கும் சின்னச் சதைத் திட்டை நான்கைந்து முறை அழுத்திவிடுங்கள். அந்த அழுத்தம்தான் மருந்தை ஓட்டை வழியே உள்ளே தள்ளும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனாலேயே பாதி மருந்து வீணாகிறது. ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருக்கட்டும். "தொண்டையில் கசக்குது" என்று பிள்ளை சொன்னால் மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். போத்தலில் "கண் சொட்டு" என்று எழுதியிருந்தாலும் குழம்பாதீர்கள். சிப்ரோஃப்ளொக்சசின் கண்ணுக்கும் காதுக்கும் ஒரே போத்தலில் வருவதுண்டு. ஆனால் வீட்டில் கிடக்கும் பழைய ஜென்டமைசின், நியோமைசின் சொட்டை நீங்களாக எடுத்து விடாதீர்கள். பறையில் ஓட்டை இருக்கும்போது அவை உட்காதின் நரம்பு முனைகளைக் கெடுக்கக்கூடியவை.

இரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். மூன்றாம் நாளே காது காய்ந்ததைப் பார்த்து நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது. அதுவரை பீலியில் தலைக்குக் குளிப்பது வேண்டாம். உடம்புக்கு மட்டும் ஊற்றுங்கள். தலை கழுவியே ஆக வேண்டிய நாளில், வாஸ்லின் பூசிய பஞ்சு உருண்டையைக் காதுக் குழியில் வைத்து மூடி, குளித்ததும் எடுத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் ஆராய்ச்சி ஆதாரம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: கென்யாவில் பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்து 1996இல் வெளியான ஆய்வில், காதைத் துடைத்துக் காயவைத்தது மட்டும் என்றிருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 22 பேருக்கு வடிதல் நின்றது. எதுவுமே செய்யாதவர்களிலும் அதே 22தான். துடைப்போடு காதுச் சொட்டும் வாய்வழி மருந்தும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 51. அதே நாட்டில் 2005இல் வெளியான இன்னோர் ஆய்வு, சிப்ரோஃப்ளொக்சசின் சொட்டையும் பழைய போரிக் அமிலச் சொட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இரண்டு வார முடிவில் முதலாவதில் 59, இரண்டாவதில் 32. இதைப் படித்துவிட்டுத் "துடைப்பது வீண்" என்று சிலர் முடிவு கட்டுவதுண்டு. அது பிழை. துடைப்பு மருந்துக்கு வழிவிடும் வேலை, அது தனியாக நோயைத் தீர்க்காது.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் வடிந்தால் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். காய்ந்துவிட்டாலும் ஒரு தரம் போகத்தான் வேண்டும். ஓட்டை மூடியதா, எவ்வளவு கேட்கிறது என்று அங்கே பார்ப்பார்கள். காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னுக்குத் தள்ளியிருந்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, தலைவலியோடு வாந்தி, கடும் தலைசுற்றல், கழுத்து விறைப்பு என்று வந்தாலோ, கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கொஞ்சமாக வடிந்து, செத்த எலி மாதிரி நாறும் காதையும் தள்ளிப்போடாதீர்கள். செவிப்பறைத் தோல் உள்ளுக்கு வளர்ந்து எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா என்ற வகை அப்படித்தான் நாறும். அதற்குச் சத்திர சிகிச்சை ஒன்றுதான் வழி.

கேள்வி: பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், வெற்றிலைச் சாறு, தாய்ப்பால் எல்லாம் எங்கள் காலத்தில் காதுக்கு விட்டோம். பிள்ளைகள் நன்றாகத்தானே வளர்ந்தார்கள்?
(ஒரு அப்பாயி, இராகலை)

பதில்: வளர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்று பேச்சைக் கேட்க ஒரு பக்கம் தலையைச் சாய்க்கிறார்கள் என்றும் பாருங்கள் அப்பாயி. வலிக்கும் காதில் இளஞ்சூட்டு எண்ணெய் சற்று ஆறுதல் தரும் என்பது உண்மைதான். ஆனால் வெளியிலிருந்து விடுவது எதுவும் மூடியிருக்கும் செவிப்பறையைத் தாண்டி உள்ளே போகாது. பறையில் ஓட்டை இருந்தால் நேரே நடுக்காதுக்குள் போய்க் கிருமிக்குச் சாப்பாடாகும். ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வெந்த எண்ணெயால் காதுவழி சுட்டுப்போவதும் உண்டு.

கேள்வி: இராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு கத்துகிறான், காய்ச்சலும் இருக்கிறது. விடிந்தால்தான் பஸ். என்ன செய்வது?
(ஒரு தகப்பன், பொகவந்தலாவை)

பதில்: பரசிட்டமோல் கொடுங்கள், அளவாக. பிள்ளையின் நிறையில் ஒரு கிலோவுக்கு 15 மி.கிராம். 16 கிலோப் பிள்ளைக்கு 240 மி.கிராம். பாணிப் போத்தலில் 5 மி.லீ.க்கு 120 மி.கிராம் என்று போட்டிருந்தால் 10 மி.லீ. கடையில் 5 மி.லீ.க்கு 250 மி.கிராம் உள்ள பாணியும் இருக்கிறது, அதில் 10 மி.லீ. ஊற்றினால் இரட்டிப்பாகிவிடும். லேபலைப் பார்க்காமல் ஊற்ற வேண்டாம். தேக்கரண்டியும் வேண்டாம், போத்தலோடு வரும் மூடி அல்லது சிரிஞ்ச். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், நாளுக்கு நாலு தடவைக்கு மேல் இல்லை. தலையணை இரண்டு வைத்துத் தலையைச் சற்று உயர்த்திப் படுக்கவையுங்கள்.

விடிவதற்குள் வலி திடீரென்று நின்று தலையணை நனைந்திருந்தால், பறை வெடித்துச் சீழ் வந்திருக்கிறது. வலி போய்விட்டதே என்று ஆஸ்பத்திரிப் பயணத்தைக் கைவிடுவது அந்த இடத்தில்தான். அன்றைக்குத்தான் கட்டாயம் போக வேண்டும். புதிதாக விழுந்த ஓட்டை, மருந்து கொடுத்துக் காதையும் காயவைத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். வடிய விட்ட ஓட்டைதான் நிலைத்துவிடுகிறது. வடியாத சாதாரணக் காதுவலிக்கு, இரண்டு வயது தாண்டிய பிள்ளையென்றால், வைத்தியர் இரண்டு நாள் பார்க்கலாம் என்று அன்டிபயோட்டிக் தராமலும் விடலாம். அது அலட்சியம் அல்ல. அப்படிப்பட்ட வலி பல பிள்ளைகளுக்குத் தானாகவே தணிகிறது.

கேள்வி: மூன்றாம் தரத்தில் ஒரு மாணவன். கூப்பிட்டால் ஒரு நாள் திரும்புவான், ஒரு நாள் திரும்பமாட்டான். சொல்வதெழுதுதலில் சொற்களின் கடைசியை விட்டுவிடுகிறான். காது வடிவதில்லை. கவனக்குறைவா, காதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(ஓர் ஆசிரியை, தலவாக்கலை)

பதில்: சொல்லின் கடைசியை விடுகிறான் என்று கவனித்திருக்கிறீர்களே டீச்சர், முக்கியமான குறிப்பு அது. தமிழில் யார், எப்போது என்பதெல்லாம் சொல்லின் வாலில் இருக்கிறது. போறேன், போறான், போறா, போறாங்க. லேசாகக் காது மந்தமானவனுக்கு "போற" மட்டும் கேட்கும், மிச்சத்தை அவன் ஊகிப்பான். உயிரெழுத்துகள் உரத்தவை, எளிதில் கேட்கும். ச, ட, த, ப, க போன்ற வல்லின ஒலிகள் மெலிந்தவை, முதலில் தொலைபவை அவை. ஆகவே சத்தம் கேட்கும், சொல் விளங்காது. "கேட்குதுதானே, வேணும்னே செய்றான்" என்ற பழி வருவது இதனால்தான்.

ஒரு நாள் கேட்டு ஒரு நாள் கேட்காமல் இருப்பது, செவிப்பறைக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கட்டும் நோயின் குணம். மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழல் ஒன்று உண்டு. நடுக்காதுக்குக் காற்றுப் போவது அதன் வழியாக. பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய 45 பாகை சரிவில் இருக்கும். கைக்குழந்தைக்கு 10 பாகைதான், நீளமும் பாதி. தடிமனில் அது வீங்கி அடைபட்டால் நடுக்காதில் காற்று வற்றி நீர் ஊறும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வடிவதும் இல்லை. கேள்திறன் சராசரி 25, 30 டெசிபல் குறையும். இரண்டு விரலைக் காதில் வைத்துக்கொண்டு வகுப்பில் இருப்பது போல.

வகுப்பிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். அமைதியான அறையில், பையனின் பின்னால் ஒரு கை நீளத் தூரத்தில், சுமார் 60 செ.மீ.யில் நில்லுங்கள். உங்கள் வாய் அவனுக்குத் தெரியக்கூடாது. மற்றக் காதின் முன் சதையை அவனே விரலால் அழுத்தித் தேய்க்கட்டும். மூச்சை முழுதும் வெளியே விட்டபின், குரலே இல்லாத இரகசியப் பேச்சில் மூன்று தனித்தனிச் சொல் சொல்லுங்கள்: கல், பாய், மீன். திருப்பிச் சொல்லட்டும். தவறினால் வேறு மூன்று. ஆறில் மூன்றுகூடச் சரியாக வராவிட்டால் அந்தக் காதைப் பரிசோதிக்க வேண்டும். மூச்சை விடாமல் பேசினால் உங்கள் குரல் கலந்துவிடும், சோதனை பொய்க்கும். மழை நாளில் செய்யாதீர்கள், தகரக் கூரை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இதில் தேறிவிட்டாலும் உங்கள் சந்தேகம் தீரவில்லையென்றால் அனுப்புங்கள், நாள்தோறும் பார்க்கும் ஆசிரியரின் சந்தேகத்துக்கு மதிப்பு உண்டு. கிளினிக்கில் கேள்திறன் அளக்கும் ஓடியோமீட்டர் கருவியோடு, பறை அசைகிறதா என்று பார்க்கும் டிம்பனோமீட்டர் சோதனையும் செய்வார்கள். காகிதத்தில் மலை மாதிரிக் கோடு வந்தால் காற்று இருக்கிறது, மட்டமான கோடு வந்தால் நீர் கட்டியிருக்கக்கூடும்.

சிகிச்சை என்று வந்தால் ஆராய்ச்சிகள் சொல்வது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். தடிமனுக்குத் தரும் அன்டிஹிஸ்டமின், மூக்கடைப்பு மருந்து இரண்டும் இந்த நீரை வற்றவைப்பதில்லை, தூக்கம்தான் மிச்சம். ஸ்டெரொய்ட் மாத்திரையை ஒரு வாரம் கொடுத்துப் பிரித்தானியாவில் நடத்திய ஆய்வு 2018இல் வந்தது. ஸ்டெரொய்ட் பெற்றவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கும், மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களில் 33 பேருக்கும் கேள்திறன் போதிய அளவு திரும்பியிருந்தது. உறுதியான பலன் என்று சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் போதவில்லை. அந்த 33ஐத்தான் நாங்கள் அதிகம் கவனிக்கிறோம். ஒன்றும் செய்யாமலே மூன்றில் ஒருவர் தேறியிருக்கிறார்கள். வைத்தியர் "மூன்று மாதம் பார்ப்போம்" என்று சொல்வது இதனால்தான். அந்த மூன்று மாதத்தில் மூக்கால் ஊதும் பலூன் கொஞ்சம் உதவும். 4 முதல் 11 வயது வரையான 320 பிள்ளைகளிடம் நடந்து 2015இல் வந்த ஆய்வில், நாளுக்கு மூன்று தரம் ஊதியவர்களில் மூன்று மாத முடிவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு காதாவது சரியாகியிருந்தது, ஊதாதவர்களில் 38 வீதம். அது அழுத்தம் அளந்து செய்யப்பட்ட பலூன். பிறந்தநாள் பலூனை வைத்து முயலக்கூடாது. மூன்று மாதத்துக்குப் பிறகும் இரண்டு காதிலும் நீர் நின்று, படிப்பும் பேச்சும் கெட்டால், பறையில் சின்னக் குழாய் வைக்கும் சத்திர சிகிச்சை பற்றி வைத்தியர் பேசுவார். அந்தக் குழாய் பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானாக விழுந்துவிடும்.

காத்திருக்கும் மாதங்களைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அந்த மூன்று மாதமும் அவன் உங்கள் வகுப்பில்தான் இருக்கிறான். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் குரல் 6 டெசிபல் இறங்கும். ஒரு மீற்றரில் 60 டெசிபலாக இருக்கும் உங்கள் குரல் நான்கு மீற்றர் தள்ளியிருக்கும் பின்வாங்கில் 48. அவனுடைய காது அதில் இன்னும் 25ஐக் கழித்துவிடும். முன்வாங்கில், நல்ல காது உங்கள் பக்கம் இருக்கும்படி, வீதியையோ பக்கத்து வகுப்பையோ பார்க்காத மூலையில் உட்கார வையுங்கள். கரும்பலகையைப் பார்த்தபடி பேசாதீர்கள். "விளங்கிச்சா?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் சொல்வான். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் எங்கள் பிள்ளைக் காம்பராவில் எந்த நாளும் யாருக்காவது சளி, காதுவலி. நாங்கள் என்ன செய்யலாம்?
(ஒரு பொறுப்பாளர், கொட்டகலை)

பதில்: படுக்கவைத்துப் போத்தல் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள், மேலே சொன்ன குழல் வழியாகப் பால் நடுக்காதுப் பக்கம் ஏறும். மடியில் நிமிர்த்தி வைத்துக் கொடுங்கள். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குச் சூப்பியைத் தூங்கும் நேரத்துக்கு மட்டும் கொடுங்கள். மூக்குத் துடைத்த துணியால் இன்னொரு பிள்ளையைத் துடைக்காதீர்கள். காம்பராவிலும் வீட்டிலும் பீடி, சிகரட் புகை கூடவே கூடாது, அது காதுநோயைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் வலுவானது. கொழுந்து நிறுக்க வரும் தாய், இடையில் வந்து பால் கொடுக்க நேரம் ஒதுக்கித் தர முடிந்தால், அதற்கு ஈடான காது மருந்து இல்லை.

கேள்வி: மகன் காதுக்குள் ஏதோ ஊர்கிறது என்றான். டோர்ச் அடித்துப் பார்த்தால் கறுப்பாக உண்ணி மாதிரி இருக்கிறது. சாமணத்தால் எடுக்கலாமா? நாங்கள் குதிரை லயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம்.
(ஒரு வாசகர், நுவரெலியா)

பதில்: எடுக்காதீர்கள். காதில் ஏறும் உண்ணி இந்த நாட்டில் அபூர்வம் அல்ல. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதக் காதுகளிலிருந்து எடுத்த உண்ணிகளை இனம் பிரித்துப் பார்த்ததில், அதிகம் கண்டது அம்பிளியோமா இன்டெக்ரம் என்ற இனத்தின் இளம் பருவம். உங்கள் ஊருக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. நுவரெலியாப் பந்தயக் குதிரைகளின் காதில் ஓட்டோபியஸ் மெக்னினி என்ற உண்ணி பதிவாகியிருக்கிறது. காதுக்குள் வாழ்வதே அதன் பிழைப்பு, மனிதர் காதிலும் ஏறக்கூடியது.

உண்ணி வாயைத் தோலில் பதித்துக் கடித்துப் பிடித்திருக்கும், சில வேளை செவிப்பறையிலேயே. இழுத்தால் வாய்ப்பகுதி அறுந்து உள்ளே தங்கும், அல்லது பறை கிழியும். வைத்தியர் மரக்கச்செய்யும் மருந்து விட்டு, நுண்ணோக்கியில் பார்த்து எடுப்பார். எடுத்த பிறகும் சில நாள் முகத்தைக் கவனியுங்கள். ஒரு கண் சரியாக மூடாமல், வாய் கோணினால் உடனே திரும்பக் கொண்டுபோங்கள். காதில் ஏறிய உண்ணியால் முகவாதம் வந்ததுண்டு.

கரப்பான், எறும்பு போன்ற உயிருள்ள பூச்சி புகுந்து துடித்தால் கதை வேறு. முன்பு வடியாத, ஓட்டையில்லாத காது என்று நிச்சயம் தெரிந்தால், சூடாக்காத தேங்காய் எண்ணெய் சில துளி விட்டு அதைச் சாகவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். காது வடியும் பிள்ளைக்கு அதுவும் வேண்டாம்.

கேள்வி: நாலு மாதக் குழந்தை. கதவை அடித்துச் சாத்தினால் திடுக்கிடுகிறது. அப்படியென்றால் காது கேட்கிறதுதானே?
(ஓர் இளம் தாய், பதுளை)

பதில்: அதை வைத்துச் சொல்ல முடியாது. கதவு சாத்தும்போது தரை அதிரும், காற்று முகத்தில் அடிக்கும். கை தட்டிப் பார்ப்பதும் அப்படித்தான், நிழலைப் பார்த்தே குழந்தை திரும்பும். காது கேளாத பல குழந்தைகள் இந்த "வீட்டுப் பரீட்சையில்" தேறிவிடுகின்றன.

சரியான சோதனை, காதில் சிறு முனையை வைத்து உட்காதின் எதிரொலியைக் கருவியால் கேட்பது. குழந்தை தூங்கும்போதே சில நிமிடத்தில் முடியும். ஒரு மாதத்துக்குள் முதற் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்குதல் என்பது உலகெங்கும் வைத்துக்கொண்டுள்ள கணக்கு. அமெரிக்காவின் கொலராடோவில் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகள் மொழியில் பிந்திக் கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிடத் தெளிவாக முன்னுக்கு நின்றார்கள். பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியில் சோதித்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லிக் கடிதம் வாங்குங்கள். குழந்தையின் கிளினிக் கொப்பியில் பார்வை, கேள்திறன் பற்றிய கேள்விகள் இருக்கின்றன, அவற்றைச் சும்மா "ஆம்" போட்டு நிரப்பாமல் பார்த்து நிரப்புங்கள்.

சொந்தத்தில் பிறவியிலேயே காது கேளாதவர் இருந்தாலோ, குழந்தை ஐந்து நாளுக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்திருந்தாலோ, கடும் மஞ்சள் காமாலைக்கு இரத்தம் மாற்றியிருந்தாலோ, முதற் சோதனையில் தேறினாலும் திரும்பப் பாருங்கள். மூளைக்காய்ச்சல் வந்து குணமான பிள்ளைக்கு அவசரமே வேண்டும். உட்காதுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதால் நாலு வாரத்துக்குள் கேள்திறன் பார்க்க வேண்டும். ஒன்பதாவது மாதத்திலும் மூன்று வயதிலும் போடும், ருபெல்லாவையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியைத் தவறவிடாதீர்கள். கர்ப்பத்தில் ருபெல்லா வந்தால் குழந்தை செவிடாகப் பிறக்கலாம். இலங்கை ருபெல்லாவை ஒழித்துவிட்டதாக 2020இல் உறுதி செய்யப்பட்டது அந்த ஊசியால்தான்.

கேள்வி: நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு இறங்கும்போது குழந்தை வீறிட்டு அழுகிறது.
(ஒரு வாசகி, கந்தப்பளை)

பதில்: நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இறங்க இறங்க வெளிக்காற்று பறையை உள்ளே அழுத்தும், விழுங்கும்போதுதான் குழல் திறந்து சரிசெய்யும். இறம்பொடை வளைவுகளில் தூங்கவிடாமல் பால் கொடுங்கள். பெரிய பிள்ளைக்கு டொஃபி.

கேள்வி: மகளுக்குக் காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் தந்திருக்கிறார்கள். பனிக்காலத்தில் நின்று நின்று போகிறது, மற்ற நேரம் விசில் அடிக்கிறது. அவளே கழற்றி வைத்துவிடுகிறாள்.
(ஒரு தாய், ஹப்புத்தளை)

பதில்: நிற்பதும் விசிலும் வெவ்வேறு கோளாறு. நிற்பதற்கு ஈரம்தான் காரணம். வெளியே குளிர், காதுக்குள் சூடு, ஆகவே காதுக்குள் பொருந்தும் அச்சையும் மெஷினையும் இணைக்கும் குழாயில் நீர்த்துளி கட்டும். ஒரு துளி போதும், சத்தம் அடைபடும். காலையில் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளி தெரிந்தால் மெஷினிலிருந்து குழாயைக் கழற்றி, ரப்பர் ஊதியால் ஊதிவிடுங்கள். வாயால் ஊதினால் இன்னும் ஈரம் சேரும். இரவில் பெட்டரியை வெளியே எடுத்து, அதன் கதவைத் திறந்தபடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட இறுக்கமான மூடிப் போத்தலில் மெஷினை வையுங்கள். பெட்டரியை அதற்குள் போடக்கூடாது, அதுவும் வற்றிவிடும். அடுப்புக்கு மேல் பரணில் காயவைக்க ஆசை வரும், சூடும் கரியும் மெஷினைத் தின்றுவிடும். அரிசிக்குள் புதைக்கவும் வேண்டாம், தூள் மைக்கை அடைக்கும்.

பெட்டரி காற்றை இழுத்து வேலை செய்வது. ஸ்டிக்கரை உரித்ததும் போட்டு மூடாமல் இரண்டு நிமிடம் வெளியே வையுங்கள், நீடித்து உழைக்கும். செம்மஞ்சள் ஸ்டிக்கர் 13ஆம் இலக்கம், நீலம் 675. மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

விசிலுக்கு ஒரு சோதனை. மெஷினிலிருந்து அச்சையும் குழாயையும் கழற்றிவிட்டு, காதின் மேல் மாட்டும் கொக்கியின் நுனித் துவாரத்தை விரலால் மூடுங்கள். விசில் நின்றால் மெஷின் நல்லது, அச்சு தளர்ந்திருக்கிறது அல்லது குழாய் வெடித்திருக்கிறது. நிற்காவிட்டால் மெஷினைப் பழுதுபார்க்கக் கொடுங்கள். வளரும் பிள்ளையின் காதுக்கு அச்சு சில மாதத்திலேயே சின்னதாகிவிடும், சிறு பிள்ளைக்கு மூன்று முதல் ஆறு மாதம்தான். தளர்ந்த அச்சைப் போட்டுக்கொண்டு விசிலை நிறுத்தச் சத்தத்தைக் குறைத்து வைத்தால் அவளுக்கு ஒன்றும் கேட்காது. பாரம் மட்டும் மிச்சமென்றால் யார்தான் மாட்டிக்கொள்வார்கள்? காதில் குறும்பி அடைத்திருந்தாலும் விசில் வரும், அதையும் கிளினிக்கில் பார்க்கச் சொல்லுங்கள். அச்சை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவலாம், மெஷினில் தண்ணீர் படக்கூடாது. காது வடியும் நாட்களில் அந்தக் காதில் அச்சைப் போடாதீர்கள்.

வீட்டில் சின்னத் தம்பி தங்கை இருந்தால் பழைய பெட்டரியை உடனே எண்ணி ஒதுக்குங்கள். அதை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால் சொட்டு மருந்து, தண்ணீர் எதுவும் விடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஈரம் பட்டால் வேகம் கூடும்.

புதிய அச்சுக்கும் மெஷினுக்கும் பணம் தடையென்றால், கிளினிக் கடிதத்தையும் கேள்திறன் அறிக்கையின் பிரதியையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேளுங்கள். அறிக்கையின் மூலப் பிரதியைக் கொடுத்துவிடாதீர்கள், அடுத்த முறை காது கூடியதா குறைந்ததா என்று ஒப்பிட அந்தக் காகிதம் வேண்டும்.